ஒண்ணும் கேக்கலீங்க

போத்தனூர் ஜெரோமுக்குத் தொல்லை சாமானின் பெயரிலேயே ஆரம்பித்தது. தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதை இந்த ஊரில் ஒரு மனுசனுக்கும் புரியவைக்க அவரால் முடியவில்லை. எலக்ட்ரிக்கல் கடையில் போய், "டியூப் ஆம்ப்ளிஃபையர் ஒண்ணு செய்யறேனுங்க, டியூப் கிடைக்குமுங்களா?" என்று கேட்டார். கடைக்காரர் நாலடி டியூப்லைட்டை அட்டையோடு உருவி நீட்டினார். சரி, பழைய ஆட்கள் சொல்லும் பெயரைச் சொல்லிப் பார்ப்போம் என்று அடுத்த கடையில் "வால்வு" என்றார். கோயமுத்தூரில் நின்றுகொண்டு வால்வு என்று கேட்டால் வேறு என்ன வரும்? "ஃபுட் வால்வுங்களா, கேட் வால்வுங்களா? எத்தனை இஞ்சுங்க?" என்று பித்தளையில் ரெண்டு மேசைமேல் வந்து உட்கார்ந்தன. "சோக்கு" என்று கேட்ட இடத்தில் மறுபடியும் டியூப்லைட்டுக்கே போய்விட்டார்கள். இத்தனைக்கும் ஜெரோம் பல வருஷமாகப் பம்பு கம்பெனியில்தான் குப்பை கொட்டுகிறார். இப்படித்தான் ஆகும் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருக்க வேண்டியது எதுவும் அவருக்கு நேரத்துக்குத் தெரியாது என்பதுதான் இந்தக் கதையே.

அவர் செய்ய நினைத்தது ராக்கெட் ஒன்றும் இல்லை. ஹெட்ஃபோனுக்கு ஓர் ஆம்ப்ளிஃபையர். தீப்பெட்டி சைஸில் கடையில் விற்கிற சமாச்சாரம் இல்லை. கண்ணாடிக் குமிழுக்குள் இழை சிவந்து எரிய, அதன் வழியாகப் பாட்டு வருகிற அந்தக்காலத்து வகை. இணையத்தில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. அதில் போய் மாட்டியவர்கள் லேசில் வெளியே வருவதில்லை. ஜெரோம் அதில் போய் விழுந்ததற்குக் காரணம் அவர் மனைவி ஜோஸ்லின். அந்தப் பழியை ஜோஸ்லின் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஜோஸ்லின் சர்ச் கொயரில் பின்வரிசையில் நின்று பாடுகிறவள். இந்த வருஷம் பெரிய வெள்ளி ஆராதனையில் கொயர் மாஸ்டர் கிறிஸ்டோ அவளை முன்னால் இழுத்து நிறுத்தி, ஒரு பாட்டைத் தனியாகப் பாட வைத்துவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவை. அன்றைக்குப் பார்த்து ஜெரோம் கம்பெனியில் இருந்தார். கப்பலேற வேண்டிய பம்புகள் டெஸ்டிங்கில் நின்றுபோயின, லீவு நாளென்றும் பாராமல் கூப்பிட்டுவிட்டார்கள். சாயங்காலம் அவர் வீடு திரும்பியபோது ஜோஸ்லின் சேலைகூட மாற்றாமல் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சர்ச் மைக்கிலிருந்து நேராக எடுத்த பதிவு. "கேட்டுப் பாருங்க" என்று நீட்டினாள்.

மனுசன் வாங்கிக் கேட்டிருக்கலாம். நாலு நிமிஷப் பாட்டு. கேட்டிருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

"சே, உன்ற கொரலை இந்த ஃபோன்லயா கேக்கறது? தகர டப்பா மாதிரி இருக்கும். சித்த பொறு அம்மணி. இதுக்குன்னே சுத்தமா ஒண்ணு செஞ்சு, அதுல மொதப் பாட்டா உன்ற பாட்டைத்தான் கேக்கறேன்" என்றார்.

ஜோஸ்லினுக்கு அன்று முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணத்தன்றைக்குக்கூட அவர் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. ஆனால் ஈஸ்டர் போனது. பள்ளிக்கூட லீவு முடிந்தது. மழை வந்து போய், அறுப்பின் பண்டிகையும் வந்து போனது. பாட்டு அப்படியே ஃபோனில் கிடந்தது. முதலில் வாரம் ஒருதரம் கேட்டாள்: "ஆச்சுங்களா?" அப்புறம் மாசம் ஒருதரம். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாள். கேட்பதை விட்டுவிட்டாள் என்பதை ஜெரோம் கவனிக்கவும் இல்லை. கவனிக்கிற மாதிரி அவர் எங்கே இருந்தார்?

இதற்குள் கிறிஸ்டோ, "அக்கா, கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் தனிப்பாட்டு நீங்களேதானுங்க" என்று வந்து நின்றான். ஜோஸ்லின் சம்மதம் சொல்லவில்லை. "எங்க ஊட்டுக்காரர் அந்தப் பாட்டைக் கேட்டுட்டு என்ன சொல்றாருன்னு பாத்துட்டுச் சொல்றேன் தம்பி." எத்தனை தரம் வந்தாலும் இதே பதில். கடைசியில் அவன், கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னால் வருகிற அட்வெண்ட் முதல் ஞாயிற்றுக்கிழமை பெயர் அறிவித்தாக வேண்டும், அதற்குள் சொல்லாவிட்டால் கொயரில் கூடப் பாடும் டீனாவுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான். டீனா நன்றாகத்தான் பாடும். ஜோஸ்லின் அன்று முழுக்க அடுப்படியில் பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தாள். நம்முடைய பாராட்டு இல்லாமல் பெண்டாட்டிக்குப் பாட வரவில்லை பார், என்று ஜெரோமுக்கு உள்ளுக்குள் பெருமை. அட மண்டு.

சரி, இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தார்? உறுமலை விரட்டிக்கொண்டிருந்தார்.

ஜெரோமின் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கம்பெனியில் மோட்டார் டெஸ்டிங் அவர் பொறுப்பு. ஓடுகிற மோட்டாரின் மேல் நீளமான ஸ்க்ரூ டிரைவரை வைத்து, அதன் கைப்பிடியைக் காதில் வைத்து, "பேரிங் போச்சு, கழட்டுங்க" என்பார். கழற்றினால் பேரிங் போயிருக்கும். எத்தனை மீட்டர் வந்தாலும் கடைசியில் "ஜெரோம் சார் காது என்ன சொல்லுது?" என்றுதான் கேட்பார்கள். அவர் காதுதான் அவர் சோறு. மோட்டாரிடம் அவருக்குத் தாட்சண்யமே கிடையாது. மனுசரிடம் நேர்மாறு. தூங்கியே கழித்த பிரசங்கத்துக்கும் ஆயரிடம் போய், "மனசைத் தொட்டுருச்சுங்கய்யா" என்று சொல்லிவிட்டு வருகிறவர்.

இப்பேர்ப்பட்ட காதோடு அவர் ஆம்ப்ளிஃபையர் செய்ய உட்கார்ந்தார். டியூப்கள் வடக்கே எங்கிருந்தோ பார்சலில் வந்துசேர்ந்தன. படம் போட்டு, கணக்குப் போட்டு, அலுமினியப் பெட்டியில் ஓட்டை போட்டு முடித்தார். டியூபுக்கு ரெண்டு விதமான கரண்ட் வேண்டும். இழை சூடாகி எரிய ஆறு வோல்ட். அது வெறும் அடுப்பு மாதிரி. பாட்டு வெளியே வரவேண்டுமானால் இன்னொன்று வேண்டும், இருநூறு வோல்ட்டுக்குப் பக்கத்தில். இந்த ரெண்டையும் கொடுக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர்.

டிரான்ஸ்ஃபார்மர் சுற்ற, குறிச்சியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் இல்யாஸிடம் போனார். சிறியதாக, சோப்பு டப்பா அளவில் கேட்டார். ஒரு வாரம் கழித்து இல்யாஸ் ஒன்றை ரெண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து வைத்தான். மேசை முனகியது.

"ஏம்ப்பா, இதுல கிரைண்டர் ஓட்டலாம் போலிருக்கே?"

"சின்னதா சுத்துனா சூடாகுமுங்ணா. அதான் கொஞ்சம் ஹெவியா சுத்திப்போட்டேன். ஆயுசுக்கும் நிக்குமுங்ணா."

எங்கள் ஊரில் எதுவுமே கொஞ்சம் ஹெவியாகத்தான் வரும். அதை ஏற்றியதும் அலுமினியப் பெட்டி நடுவில் தொட்டில்போலத் தொய்ந்தது. ஜெரோம் டிரான்ஸ்ஃபார்மரைத் தனியாகப் பக்கத்து அறையில் வைத்து, ஜன்னல் வழியாக வயர் இழுத்தார். எல்லாம் மாட்டி, பாட்டு எதுவும் போடாமல், ஹெட்ஃபோனைக் காதில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

அடியில், வெகு தூரத்தில் ஓடும் மோட்டார் மாதிரி, "ம்ம்ம்ம்" என்று ஓர் உறுமல்.

உறுமலோடு ஜோஸ்லினின் பாட்டைக் கேட்பதா? அதற்கு ஃபோனிலேயே கேட்டிருக்கலாமே. சுத்தமாகச் செய்துவிட்டுத்தான் கேட்பது என்று மனுசன் இறங்கினார். ஆனால் அதற்கு முன்னால், உறுமல் எவ்வளவு இருக்கிறது என்று இன்னொரு காதைக் கேட்க வேண்டாமா? இல்யாஸின் தலையில் ஹெட்ஃபோனை மாட்டினார்.

"உறுமுதா?"

"ஒண்ணும் கேக்கலீங்ணா. சுத்தமா இருக்குதுங்ணா."

தான் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரைத் தானே குறை சொல்வானா? ஜெரோம் அவன் சாட்சியைத் தள்ளுபடி செய்தார். பக்கத்து வீட்டுப் பொங்கியண்ணனைக் கூப்பிட்டார். பொங்கியண்ணனுக்கு அன்னூர்ப் பக்கம் தோட்டம், இங்கே பம்புச் சாமான் வியாபாரம். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, கையைக் கட்டி, கோயிலில் நிற்கிற மாதிரி பவ்யமாக உட்கார்ந்து கேட்டார்.

"எப்படிங்க இருக்குது?"

"அருமைங்க."

"பாட்டே இன்னும் போடலீங்க. உறுமல் ஏதாச்சும் கேக்குதுங்களா?"

"ஒண்ணும் கேக்கலீங்க. அருமையா இருக்குதுங்க."

இதை நம்புவதா? போன வருஷம் விருந்துக்கு வந்த யாரோ ஒருவர் காரைப் பின்னால் எடுத்து, பொங்கியண்ணனின் புது கேட்டைச் சப்பளித்துவிட்டார். அதற்கு இந்த மனுசன் என்ன சொன்னார் தெரியுமா? "பரவாயில்லீங்க, இந்த கேட்டு எங்களுக்கும் புடிக்கவே இல்லீங்க." சொல்லிவிட்டு அவருக்குக் காப்பி வேறு கொடுத்து அனுப்பினார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அடுத்தவர் மனசு நோகும்படி ஒரு வார்த்தை வராது. வீடு தீப்பிடித்தால்கூட, "ஏனுங்க, கொஞ்சம் வெக்கையா இருக்குதுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இந்த ஊரில் உறுமலைப் பற்றி உண்மை கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது என்று ஜெரோம் முடிவுகட்டினார். உண்மையான காது ஒன்றுதான் உண்டு, அது தன்னுடையது.

அதன் பிறகு நடந்ததையெல்லாம் விலாவாரியாகச் சொன்னால் அவர் மானம் போய்விடும், ஆனாலும் கொஞ்சம் சொல்கிறேன். உறுமலை வடிகட்ட என்று சோக்கு ஒன்று சுற்றிப் போட்டார். உறுமல் நின்றது மாதிரி இருந்தது, மறுநாள் வந்தது. கண்டென்சர்களை மாற்றினார். வயரையெல்லாம் பிடுங்கி மறுபடி முடைந்தார். கரண்ட் வருவதைக் காட்டப் பெட்டியில் இருந்த சின்ன சிவப்பு விளக்குகூட இரைச்சல் சேர்க்கும் என்று யாரோ ரஷ்யாக்காரர் இணையத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அதையும் கழற்றி எறிந்தார். கேட்க உட்காரும் முன்னால் ஃபேனை நிறுத்துவார், ஃப்ரிட்ஜை நிறுத்துவார், ஜன்னலைச் சாத்துவார். ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறந்து ஒரு நாள் மீன் குழம்பும் ஒரு நாள் மாவும் வீணாயின. வீடு அமைதியாக ஆக ஆக, உறுமல் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

எர்த் சரியில்லை என்று பிறகு தோன்றியது. பின்கட்டில், ஜோஸ்லினின் கறிவேப்பிலை மரத்துக்குப் பக்கத்தில், ஆளுயரக் குழி தோண்டிக் குழாய் இறக்கி, கரியும் உப்புமாகக் கொட்டி மூடினார். மதில்மேல் பொங்கியண்ணன் தலை தெரிந்தது.

"ஏனுங்க, போர் போடறீங்களா?"

"இல்லீங்க. இது ஆம்ப்ளிஃபையருக்குங்க."

பொங்கியண்ணன் குழியைப் பார்த்தார், ஜெரோமைப் பார்த்தார். "நல்லதுங்க" என்றார். தலை மறைந்தது.

உறுமல் போகவில்லை; கறிவேப்பிலை போனது. உப்புத் தண்ணீர் வேரில் இறங்கி, இலையெல்லாம் பழுத்துக் கொட்டியது. ஜோஸ்லின் அந்தக் காய்ந்த மரத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தாள். திட்டியிருந்தால் தேவலை. "கடையில வாங்கிக்கலாமுங்க" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பவ்யம் ஜெரோமுக்குச் சுருக்கென்று தைத்தது. தன்னிடமும் அவள் ஊராரிடம் பேசுகிற மாதிரி பேச ஆரம்பித்துவிட்டாள் என்று ஒரு கணம் பட்டது. பிறகு உறுமல் ஞாபகம் வந்துவிட்டது.

கடைசி அஸ்திரம் பேட்டரி. இழைகளுக்குப் போகிற கரண்டில்தான் கோளாறு. அதை பேட்டரியிலிருந்து கொடுத்தால் தீர்ந்தது என்று கண்டுபிடித்தார். வீட்டு இன்வெர்ட்டரின் பேட்டரியைக் கழற்றி மேசைக்கடியில் வைத்து, இழைகளை ரெண்டு ரெண்டாகத் தொடுத்து அதில் மாட்டினார். மேல் வோல்டேஜ் மட்டும் எப்போதும்போல இல்யாஸின் கிரைண்டர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும். அட்வெண்ட் ஞாயிற்றுக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, காலைச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்தார். இன்றைக்கு இது தீரவேண்டும், மத்தியானம் பாட்டைக் கேட்க வேண்டும், ராத்திரி ஜோஸ்லின் கிறிஸ்டோவுக்குப் பதில் சொல்ல வேண்டும். தீர்மானமாகத்தான் இருந்தார்.

ஃபேனை நிறுத்தினார். ஃப்ரிட்ஜை நிறுத்தினார். ஜன்னலைச் சாத்தினார். ஸ்விட்சைப் போட்டார். டியூப்கள் மெல்லச் சிவந்தன. ஹெட்ஃபோனை மாட்டிக் கண்ணை மூடினார்.

"ம்ம்ம்ம்."

இருந்தது. எப்போதையும்விட நன்றாக இருந்தது. ஜெரோமுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வயரை இப்படி நகர்த்தினார், அப்படி நகர்த்தினார். நகர்த்தும்போது கொஞ்சம் குறைகிற மாதிரியும் இருந்தது. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "இங்கதான், இங்கதான்" என்று முணுமுணுத்தபடி அரை மணி நேரம் குனிந்திருந்தார். யாரோ தோளைத் தட்டினார்கள். ஹெட்ஃபோனைக் கழற்றினார். ஜோஸ்லின் கையில் மத்தியானக் குழம்புக்கு வெட்டிய தேங்காயோடு மிக்ஸி ஜாரை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, எத்தனை தரம் கூப்புடறது, காதுல உழுகலீங்களா? கரண்டு எப்ப வரும்னு போட்டிருக்குது?"

"கரண்டு போயிருச்சா?"

"ஒம்பது மணிக்கே போயிருச்சுங்களே. மாசாந்திர மெயின்டனன்ஸ்னு நேத்தே பேப்பர்ல போட்டிருந்தானே. இன்வெர்ட்டரும் இல்ல, அதையும் நீங்க புடுங்கிப்போட்டீங்க."

"எரியுதே பாரு" என்று டியூப்களைக் காட்டினார் ஜெரோம். சிவப்பாக, அழகாக எரிந்துகொண்டிருந்தன.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. எரிவது பேட்டரியில். அது வெறும் அடுப்பு. மேல் வோல்டேஜ் கரண்டில் இருந்து வர வேண்டும். கரண்ட் ஒன்பது மணிக்கே போய்விட்டது. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு சத்தமும், உறுமலோ முனகலோ எதுவும், வர வழியே கிடையாது. செத்த பெட்டியைத்தான் இவ்வளவு நேரமாக அவர் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு விளக்கைக் கழற்றாமல் இருந்திருந்தால் அதுவாவது காட்டிக்கொடுத்திருக்கும்.

ஹெட்ஃபோனை மறுபடி மாட்டினார். "ம்ம்ம்ம்." ஹெட்ஃபோன் வயரின் பின்னைப் பெட்டியிலிருந்து பிடுங்கினார். "ம்ம்ம்ம்." எதிலும் செருகாத பின்னைக் கையில் பிடித்துக்கொண்டு, அதை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு ரெண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

அங்கேயே இருந்தது. தலைக்குள்ளே, ஒரே சீராக, பேரிங் தேயாத நல்ல மோட்டார் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

கம்பெனியில் புதிதாக வருகிற ஆட்களை ஜெரோம் ஒரே விஷயத்துக்காகத்தான் திட்டுவார்: "மீட்டரை எடுத்தா மொதல்ல ஸீரோ பாரு! எதுலயும் மாட்டாதபோது முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்துட்டு அப்புறம் அளந்து தொலை!" இத்தனை நாளில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அணைத்து வைத்த பெட்டியோடு அவர் கேட்டுப் பார்க்கவில்லை. தன் காதுக்கு ஸீரோ பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஆரம்பத்தில் பெட்டியிலும் நிஜமாகக் கொஞ்சம் உறுமல் இருந்திருக்கலாம், யார் கண்டது? ஆனால் இல்யாஸ் சொன்னது நிஜம். பொங்கியண்ணன் சொன்னதும் நிஜம். பாவம், ஒண்ணும் கேட்காததால்தான் ஒண்ணும் கேக்கலீங்க என்றார்கள். மரியாதைக்காரர்கள் என்பதாலேயே அவர்களைப் பொய்யர்களாக்கி, ஒரு மரத்தையும் சாகடித்தாகிவிட்டது. ஜெரோமுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கத்தின் பின்னாலேயே பயம் வந்தது. இந்தக் காதை நம்பித்தானே கம்பெனி? இந்தக் காதை நம்பித்தானே அவரும்?

"என்னங்க ஆச்சு? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?" ஜோஸ்லின் ஜாரைக் கீழே வைத்தாள்.

"ஜோஸு, உறுமல் பொட்டியில இல்ல. என்ற காதுக்குள்ள இருக்குது."

அவள் புரியாமல் பார்த்தாள். அவர் மேசையில் கிடந்த பின்னைக் காட்டி, டியூபைக் காட்டி, மறுபடி காதைத் தொட்டுக் காட்டிச் சொல்லி முடித்தார். ஜோஸ்லின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் காதைத் திருப்பி உள்ளே எட்டிப் பார்த்தாள். அங்கே என்ன தெரியும் என்று நினைத்தாளோ.

"வலிக்குதுங்களா?"

"இல்ல."

"நாளைக்கே போயி டாக்டருகிட்ட காட்டலாம். மெசின் சத்தத்துலயே நின்னா காது என்னத்துக்காகும்? நாந்தான் டிவி சவுண்டைக் கூட்டிக் கூட்டி வெக்கறீங்கன்னு சொல்லிட்டே இருக்கேனே." கோபமாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.

பிறகு ஜெரோம், "அந்தப் பாட்டைக் குடு" என்றார்.

"இப்பவா? இப்ப எதுக்குங்க? காதை மொதல்ல பாப்போம்."

"குடு ஜோஸு."

"கரண்டு வரட்டுமுங்க. உங்க பொட்டியிலயே கேளுங்க."

"பொட்டியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். ஃபோன்லயே போடு."

அவள் தயங்கினாள். இத்தனை மாசம் காத்திருந்தவள் இப்போது தயங்குவது அவருக்கு விசித்திரமாக இருந்தது. ஃபோனோடு வந்த வெள்ளை இயர்ஃபோனை டிராயரில் தேடி எடுத்து, முடிச்சை அவிழ்த்து, பாட்டைப் போட்டுவிட்டு, அவர் பக்கம் பாராமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜெரோம் கேட்டார். முதலில் சர்ச்சின் இருமல், நாற்காலி இழுபடும் சத்தம், கீபோர்டில் ரெண்டு கட்டை. பிறகு ஜோஸ்லின். கூட்டத்தோடு பாடும்போது அவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது தெரியவே தெரியாது. கொஞ்சம் கரகரப்பு, அதற்குக் கீழே அவளிடம் இதுவரை அவர் கேட்டிராத ஓர் அடக்கம். உறுமலும் ஒரு ஓரமாக இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். இதையா பங்குனியிலிருந்து தள்ளிப்போட்டோம் என்று அவருக்குக் கண் நிறைந்தது. அப்போதுதான் மூன்றாவது அடியில் அவள் மேலே ஏறினாள். 'இரங்கும்' என்ற வார்த்தையை நீட்டிக்கொண்டு ஏறினாள். அங்கே, மோட்டாரில் ஏதோ ஒன்று தட்டுகிற மாதிரி, அவர் காது நிமிர்ந்தது.

பாட்டு முடிந்தது. எழுந்து அடுப்படி வாசலுக்குப் போனார். ஜோஸ்லின் முதுகைக் காட்டியபடி ஏற்கெனவே கழுவிய டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. "ரொம்ப நல்லா இருக்குது" என்ற வார்த்தை ஜெரோமின் நாக்கு நுனியில் தயாராக நின்றது. ஆயருக்குச் சொல்கிற அதே வார்த்தை. இந்த வீட்டில் இன்றைக்கு அதைவிட நல்ல வார்த்தை வேறு இருக்க முடியாது. காது கெட்டவன் என்று இப்போதுதான் தெரிந்தது. அந்தக் காதை வைத்துக்கொண்டு அவள் பாட்டில் குறை வேறு சொல்வதா?

"மூணாவது அடி" என்றார் ஜெரோம். "'இரங்கும்'னு மேல போற எடம். அங்க சுருதி இறங்கிருச்சு ஜோஸு."

டம்ளர் நின்றது.

"கொஞ்சந்தான். ஆனா இறங்கிருச்சு. திருப்பிப் பாடற எடத்துலயும் அதே மாதிரி ஆச்சு. மத்ததெல்லாம்..." கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். "மத்ததெல்லாம் அழுதுட்டேன்."

ஜோஸ்லின் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, வாய் சிரிக்கிறது. ரெண்டு கையிலும் சோப்பு நுரையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சு."

"நெசமா?"

"நெசமாத்தான்."

"அப்பாடா" என்றாள் ஜோஸ்லின். "பெரிய வெள்ளியில இருந்து ஒருத்தர் பாக்கி இல்லாம, அருமைங்கறாங்க, அற்புதம்ங்கறாங்க. ஆயரு சொல்றாரு, கிறிஸ்டோ சொல்றான், அந்த டீனாப் புள்ள வந்து கட்டிப்புடிச்சுக்கறா. எனக்கு மட்டும் அந்த எடம் காதுலயே நிக்குதுங்க. ராத்திரி படுத்தாலும் கேக்குது. ஒருத்தருக்குமே கேக்கலியே, நெசமாவே தப்புப் பண்ணினேனா, இல்ல என்ற மண்டைக்குள்ள மட்டுந்தான் இப்படிக் கேக்குதான்னு பயந்தே போயிட்டேன். அப்படி ஒரு பயத்தோட மறுபடி எப்படிங்க போய் நின்னு பாடறது? மோட்டார்ல மயிரிழை தட்டுனாலும் புடிச்சுருவாரே, இவர் ஒருத்தர் கேட்டுச் சொல்லட்டும்னுதான் உக்காந்திருந்தேன். நீங்க என்னடான்னா குழி வெட்டிட்டிருக்கீங்க."

ஜெரோம் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். மண்டைக்குள் கேட்பதைப் பற்றி அவரைவிட இப்போது யாருக்குத் தெரியும்? "உன்றது நெசம் அம்மணி" என்றார். "எனக்குத்தான் மண்டைக்குள்ள." இதைக் கேட்டு ஜோஸ்லினுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்தினாள், நுரை மூக்கில் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்து அவரும் சிரித்தார். கொஞ்சம் அழுதார்கள் என்றும் சொல்லலாம்.

பிறகு அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, கிறிஸ்டோவுக்கு ஃபோன் போட்டாள்.

"தம்பி, அக்கா பேசறேன். கிறிஸ்துமஸுக்கு நானே பாடறேன். ஆனா ப்ராக்டீஸ் நல்லா வேணும். போன தடவை 'இரங்கும்'ல சுருதியை உட்டுப்போட்டேன்."

அந்தப் பக்கத்திலிருந்து கிறிஸ்டோ பதறுவது ஜெரோம் வரைக்கும் கேட்டது. "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்கக்கா, அருமையா இருந்துச்சுங்கக்கா!"

"நீ சும்மா இரு சாமி" என்றாள் ஜோஸ்லின். "எங்க ஊட்டுக்காரர் கேட்டுட்டாரு."